பத்துப் பெட்டை, ஒரு சேவல்: வீட்டுக்கோழிப் பராமரிப்புக்கு முழுமையான வழிகாட்டி

வீட்டுப் பின்புறத்தில் பத்துச் சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டையும் ஒரு சேவலும் வைத்து, பகலில் மேயவிட்டு இரவில் அடைக்கிறவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். அளவுகள் எல்லாம் இந்தப் பதினொரு உருப்படிக்குச் சொன்னவை. கூடக் குறைய இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது தீனியைப் பற்றித்தான். ஆனால் கோழிகள் கூட்டமாகச் சாவது பெரும்பாலும் வேறு காரணங்களால்: போடாமல் விட்ட தடுப்பூசி, ஈரக் கூளம், ஓர் இரவு சாத்த மறந்த கதவு, சந்தையில் வாங்கி அன்றைக்கே கூட்டத்தோடு விட்ட புதுக்கோழி. கீழே உள்ள வேலைகளின் வரிசை இந்த நான்கையும் மனத்தில் வைத்து அமைந்தது.

1. கோழி வருமுன் கூண்டு

கூண்டுதான் முதல் வேலை. கோழியை வாங்கிவிட்டுக் கூண்டு கட்ட ஆரம்பித்தால், நடுவில் வரும் ஒரு வாரத்திலேயே கீரியோ மரநாயோ இடத்தைக் கண்டுபிடித்துவிடும். ஒருமுறை ருசி கண்டது தினமும் வரும்.

நான்கடிக்கு நான்கடி தரைப்பரப்பு பதினொரு கோழிக்குப் போதும், ஏனென்றால் இது இரவில் உறங்க மட்டும். தரையிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுங்கள். மழைத்தண்ணீர் ஏறாது, அடியில் பெருச்சாளி வளை தோண்டினால் உடனே கண்ணில் படும்.

வலை விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். கோழிவலை என்று கடையில் தரும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும்; பாம்பும் எலியும் உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, பற்றவைத்த கம்பிவலை வேண்டும். கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது. நாய் மூக்கால் தள்ளித் திறந்துவிடும். தாழ்ப்பாளும் அதில் செருக ஒரு கம்பியும் வையுங்கள்.

காற்று மேலே ஓட வேண்டும். கூரைக்குச் சற்றுக் கீழே நாலு பக்கமும் அரையடி வலை இருந்தால் எச்சத்தின் நெடி வெளியேறும். கீழே, கோழி உட்காரும் உயரத்தில் அடைப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் மார்கழிக் குளிர்காற்று நேராக அடிக்கும்.

உட்காரும் கட்டை நான்கடி நீளத்தில் இரண்டு போடுங்கள். ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்ற கணக்கு. இரண்டு கட்டையும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்றை உயர்த்தினால் எல்லாம் அதற்கே அடித்துக்கொள்ளும், கீழே உட்காருவதன் மேல் எச்சம் விழும். கட்டை இரண்டு அங்குலக் கனம், விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். கூர்முனையில் தினம் உட்காரும் கோழிக்குப் பாதத்தில் கட்டி வரும்.

2. வாங்குவதும் ஒதுக்கி வைப்பதும்

தெரிந்த வீட்டில், கோழிகள் மேய்வதை நேரில் பார்த்து வாங்குவது நல்லது. சந்தைக்கு வரும் கோழியில் ஒரு பங்கு, வீட்டில் மற்றவை சாக ஆரம்பித்ததும் அவசரமாகத் தள்ளிவிட்டதாக இருக்கும். கோடையில் இது அதிகம்.

எங்கே வாங்கினாலும் 21 நாள் தனியே வையுங்கள். தனித் தண்ணீர்த் தட்டு, தனித் தீனித் தட்டு, பழைய கூட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. பழைய கோழிகளைக் கவனித்துவிட்டு அப்புறம்தான் புதியவற்றிடம் போக வேண்டும். வரிசை மாறினால் உங்கள் கையும் செருப்பும் நோயைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

விடுகிற அன்று, அந்தி இருட்டில் கட்டையில் ஏற்றி வையுங்கள். பகலில் விட்டால் கொத்துப்பட்டு ஓடும். இரவில் ஏறியதைக் காலையில் மற்றவை அவ்வளவாக விரட்டுவதில்லை.

3. காலை: திறக்கும் முன் பார்ப்பது

நாளின் முக்கியமான வேலை இதுதான், அநேகமாக எல்லாரும் தாண்டிப் போவதும் இதைத்தான். வந்ததும் கதவைத் திறந்துவிட்டால் கோழிகள் சிதறிவிடும். பிறகு எது சோர்ந்திருக்கிறது, எது கழிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு நிமிடம் வெளியே நின்று பாருங்கள்.

முதலில் எண்ணுங்கள். அடுத்து, ஆள் வந்ததும் எது கட்டையிலிருந்து இறங்கவில்லை என்று பாருங்கள். கழுத்தை உள்ளிழுத்து, இறகைச் சிலுப்பி, கண்ணை அரைவாசி மூடி நிற்கும் கோழிக்கு உடம்பு சரியில்லை. கோழி தன் நோயைக் கடைசிவரை மறைக்கப் பார்க்கும். பகலில் மற்றவற்றோடு சேர்ந்து ஓடிவிடும். காலைச் சோம்பலில்தான் அது வெளியே தெரியும். வாய் திறந்து மூச்சு விடுகிறதா, தொண்டையில் கறகற சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

பிறகு கட்டைக்குக் கீழே உள்ள எச்சம். நல்ல எச்சம் பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ உருண்டு, மேலே சுண்ணாம்பு வைத்ததுபோல் வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர். பத்து எச்சத்துக்கு ஒன்று, வெல்லப்பாகு நிறத்தில், குழைவாக, நாற்றத்தோடு கிடக்கும். புதியவர்கள் இதைக் கழிச்சல் என்று பயந்து மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். இது குடல்வாலிலிருந்து வரும் சாதாரண எச்சம். பயப்பட வேண்டியது வேறு: பச்சைத் தண்ணீராகவோ சுண்ணாம்புத் தண்ணீராகவோ தெறித்துக் கிடப்பது, இரத்தம் கலந்து கிடப்பது. அப்படி இருந்தால் அன்று யாரையும் வெளியே விடாமல், எந்தக் கோழியின் பின்பக்க இறகு நனைந்து ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள்.

சந்தேகம் உள்ள கோழியின் மார்புக்கு மேல் வலப்பக்கம் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். காலையில் அது வெறுமையாக, தளர்ந்த தோலாக இருக்க வேண்டும். நேற்றைய தீனி இன்னும் கல்போல் நின்றால் அடைப்பு. தண்ணீர் நிரம்பிய பைபோல் தளதளத்து வாயில் புளிப்பு நாற்றம் வந்தால் உள்ளே புளித்திருக்கிறது. இரண்டுக்கும் அன்று தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் கொடுத்து, மாலைக்குள் இறங்கவில்லையென்றால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்காதீர்கள். மூச்சுக்குழாயில் ஏறி அங்கேயே செத்துப்போகும்.

4. தீனிக்கு முன் தண்ணீர்

திறந்ததும் தண்ணீர். இரவு முழுக்கக் குடிக்காத கோழிக்கு உலர்ந்த தீனியை முதலில் போட்டால் அது தீனிப்பையில் கட்டிக்கொள்ளும்.

ஒரு கோழி நாளுக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும், கடும் கோடையில் அதைப்போல் இரண்டு மடங்கு. இந்தக் கூட்டத்துக்குச் சாதாரண நாளில் மூன்று லிட்டர், சித்திரை வெயிலில் ஆறு லிட்டர் வரை. ஒரே பெரிய சட்டியில் வைக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரே இடம் என்றால் வலுத்த கோழி மற்றதைக் குடிக்க விடாது.

சட்டியை ஒரு செங்கல் உயரத்தில் வைத்தால் சீய்க்கும் மண் உள்ளே விழாது. தினமும் காலையில் பழையதைக் கொட்டி, உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். விரலால் தடவினால் வழுக்கும் படலம் இருக்கிறதே, அதில்தான் கிருமி வளர்கிறது; தண்ணீரை மட்டும் மாற்றினால் அது போகாது. கோடையில் மதியம் ஒருமுறையும் மாற்ற வேண்டும். வெயிலில் காய்ந்த தண்ணீரைக் கோழி தொடாது, குடிக்காத கோழி முட்டையும் விடாது.

5. தீனி: காலையில் குறைவாக, மாலையில் நிறைவாக

மேய இடம் உள்ள கோழிக்கு, மேய்ச்சல் போக ஒன்றுக்கு 50 கிராம் அளவில் தீனி போதும். கூட்டத்துக்கு அரைக் கிலோ, கொஞ்சம் கூட. மேய இடமே இல்லாமல் அடைத்து வைத்தால் ஒரு கோழிக்கு 100 கிராமுக்குக் குறையக்கூடாது.

அரைக் கிலோவில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் காலையில் போடுங்கள். வயிறு நிறைந்த கோழி மேயாது, வாசலிலேயே படுத்துக்கொள்ளும். மீதியை மாலை ஐந்து மணிக்குப் போடுங்கள். இரவு முழுவதற்கும் தீனிப்பையில் இருப்பு வேண்டும், தீனிக்காகவே எல்லாம் நேரத்துக்கு வீடு திரும்பும். ஒரே குரலில் கூப்பிட்டுப் போட்டுப் பழக்கினால், மழை வரும்போதோ நாய் நுழையும்போதோ அதே குரலுக்கு ஓடிவரும்.

பத்துக் கிலோ கலவைக்கு: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு நாலரைக் கிலோ, அரிசிக் குருணை ஒன்றரை, தவிடு ஒன்றரை, கடலைப் பிண்ணாக்கு ஒன்றரை, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். கருவாடு கட்டாயம் உப்பில்லாததாக இருக்க வேண்டும். சமையலுக்கு வாங்கும் உப்புக் கருவாட்டை அரைத்துக் கலந்தால் கோழி தண்ணீராகக் கழிந்து சாகும்.

பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூசணம் பிடித்தால் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகும். காய வைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு முழுவதும் நீங்காது. கட்டி தட்டிய, பச்சை படர்ந்த, முடைநாற்றம் அடிக்கும் பிண்ணாக்கை “கோழிதானே” என்று போடாமல் குப்பையில் கொட்டுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் கலந்து வைக்க வேண்டாம்.

முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து தனியாக வேண்டும். கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் எப்போதும் வையுங்கள். தீனியில் கலக்காதீர்கள், வேண்டிய பெட்டை தானே போய்க் கொத்தும், சேவலுக்கும் குஞ்சுக்கும் அது தேவையில்லை. வீட்டு முட்டை ஓட்டைப் போடுவதானால் காயவைத்துப் பொடியாக நொறுக்குங்கள். ஓடு ஓடாகவே போட்டால் முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.

செலவில்லாத புரதம் கரையான். ஒரு பழம்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் நிறைய ஏறியிருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துத் தட்ட வேண்டும், சூடு ஏறினால் மண்ணுக்குள் போய்விடும். கரையான் மருந்து அடித்த வீட்டுப் பக்கம் மட்டும் பானை வைக்காதீர்கள்.

6. முட்டை

பத்துப் பெட்டைக்கு இரண்டு மூன்று கூடு போதும். ஓரடிச் சதுரம், மங்கலான மூலை, உள்ளே வைக்கோல். கட்டையைவிடத் தாழ்வாக இருக்கட்டும். உயரமாக இருந்தால் கூட்டிலேயே ஏறி உறங்கி அசிங்கப்படுத்தும்.

பெரும்பாலான பெட்டைகள் முற்பகலில் இடும். வேலியோரம், வைக்கோல்போர் என்று ஒளித்து இடும் பழக்கம் வந்துவிட்டால், ஒரு வாரம் காலை பத்துப் பதினொரு மணிவரை தண்ணீரோடு உள்ளேயே வைத்துப் பிறகு திறங்கள். கூட்டில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லோ பழைய முட்டையோ கிடந்தால் அங்கேயே இடப் பழகும்.

மதியமும் மாலையும் எடுத்துவிடுங்கள். கழுவ வேண்டாம், ஓட்டின் மேல் உள்ள மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே நுழையும். அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழாக வையுங்கள்.

7. அந்தியில் அடைப்பு

இருட்டு விழும்போது கோழிகள் தாமாக ஏறிவிடும். ஏறி முடித்ததும் எண்ணி, தாழ்ப்பாள் போட்டு, கம்பி செருகுங்கள். “சாப்பிட்டுவிட்டு வந்து அடைக்கலாம்” என்ற இடைவெளியில்தான் மரநாயும் காட்டுப்பூனையும் வேலையை முடிக்கின்றன. ஒன்று குறைந்தால் உடனே தேடுங்கள். பெரும்பாலும் எங்கோ ஒளித்து அடையில் உட்கார்ந்திருக்கும்.

தீனிச் சட்டியை உள்ளே விடாதீர்கள். மிச்சத் தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

8. வாரம் ஒருமுறை: கூளமும் செல்லும்

தரையில் நெல் உமி இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், அந்தப் பகுதியை அள்ளிவிட்டுப் புது உமி போட வேண்டும். குஞ்சுகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலின் கிருமி ஈரக் கூளத்தில்தான் முதிர்கிறது. உள்ளே குனிந்ததும் கண் எரிந்தால் கூளத்தை மாற்ற ஏற்கெனவே தாமதம்.

அதே நாளில் இரண்டு கோழியையாவது தூக்கி, ஆசனவாயைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் இறகை விலக்கிப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் ஓடுவது செல் எனும் கோழிப்பேன். இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பது அதன் முட்டை. மருந்து முட்டையைக் கொல்லாது என்பதால், எந்த மருந்து தெளித்தாலும் 7 முதல் 10 நாளுக்குள் இரண்டாவது முறை தெளிக்க வேண்டும். ஒருமுறையோடு விட்டு, “மருந்து வேலை செய்யவில்லை” என்று சொல்கிறவர்கள் நிறைய.

உண்ணி வேறு ரகம். பகலில் சுவர் விரிசலிலும் மரப் பொருத்திலும் ஒளிந்து, இரவில் ஏறிக் குடிக்கும். கோழியின் மேல் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. இரவில் டார்ச் அடித்துக் கட்டையின் முனைகளைப் பாருங்கள். விரிசலைச் சாந்தால் அடைத்துச் சுண்ணாம்பு பூச வேண்டும்.

நிழலில் ஒரு குழியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் கோழி தானே புரண்டு குளித்துச் செல்லைக் குறைத்துக்கொள்ளும். மழையில் நனையாமல் மேலே ஒரு தகரம் போடுங்கள்.

9. தடுப்பூசி

வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய்க்கு மருந்து கிடையாது. தடுப்பூசி மட்டுமே உண்டு. குஞ்சின் வயதுப்படி வரிசை இது (எஃப்1, லசோட்டா, ஆர்2பி மூன்றும் ராணிக்கெட் தடுப்பூசி வகைகள்): 7ஆம் நாளில் எஃப்1 அல்லது லசோட்டா, கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. 4ஆம் வாரம் லசோட்டா, குடிதண்ணீரில். 6ஆம் வாரம் அம்மைத் தடுப்பூசி. 8ஆம் வாரம் ஆர்2பி, இறக்கைக்கு அடியில் தோலுக்கடியில் 0.5 மி.லி. அதற்குப் பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை.

இந்த வரிசையை மாற்றக்கூடாது. ஆர்2பி வீரியம் கூடியது. முந்தைய இரண்டு தவணையும் போடாத இளங்குஞ்சுக்கு அதைப் போட்டால் கால் இழுத்துக்கொள்ளும், சாகவும் செய்யும். முன்கதை தெரியாமல் வாங்கிய பெரிய கோழிக்கும் முதலில் லசோட்டா, இரண்டு மூன்று வாரம் கழித்தே ஆர்2பி. முட்டையிடும் பெட்டைக்குப் போட்டால் சில நாள் முட்டை குறையும், தானே சரியாகும்.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடையிலிருந்து ஐஸ் போட்ட குடுவையில் கொண்டுவந்து, கரைத்த பின் இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். கண்ணில் சொட்டு விட்டதும் கோழியை விட்டுவிடக்கூடாது. அது கண் சிமிட்டி உள்ளே இழுக்கும்வரை பிடித்திருங்கள். தலையை உதறினால் சொட்டு வெளியே போய்விடும், போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

தண்ணீரில் கொடுக்கும்போது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் மருந்தைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, அதில் மருந்தைக் கரையுங்கள். அதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீர் வைக்காமல் இருந்தால்தான் எல்லாக் குஞ்சும் உடனே குடிக்கும்.

குப்பி குறைந்தது நூறு கோழிக்கான அளவில் வரும், கரைத்ததை நாளைக்கு வைக்க முடியாது. அதனால் தெருவில் கோழி உள்ள நாலைந்து வீட்டார் பேசி ஒரே நாளில் போடுவது செலவுக்கும் நல்லது, நோய்க்கும் நல்லது. கால்நடை பராமரிப்புத் துறை கோடைக்கு முன் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் எப்போது என்று பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இலவசம். தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும். நோய் உள்ள கோழிக்கு ஊசி போடாதீர்கள்.

10. அடை வைத்தல்

கூட்டை விட்டு எழாமல், கிட்டப் போனால் இறகை விரித்து உறுமும் பெட்டைதான் அடைக்கோழி. அடை வைக்குமுன் செல் மருந்தை இரண்டு தவணையும் முடித்துவிடுங்கள். தாயின் செல் ஒரே நாளில் குஞ்சுக்கு ஏறும்.

ஒரு வாரத்துக்குள் இட்ட, நடுத்தர அளவு முட்டை 9 முதல் 12. எல்லாவற்றையும் ஒரே மாலையில் வைத்துப் பென்சிலால் குறியிடுங்கள். மற்ற பெட்டை வந்து இட்டுவிட்டுப் போகும் முட்டையை அந்தக் குறி காட்டிக்கொடுக்கும். தினமும் அதை எடுத்துவிட வேண்டும்.

7ஆம் நாள் இருட்டில் டார்ச் முனையில் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்திபோல் சிவப்பு நரம்பு ஓடினால் கரு உண்டு. கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள், உள்ளே கெட்டு வெடித்தால் மற்றதும் வீணாகும். கடைசி மூன்று நாள் தொடவே கூடாது. 21ஆம் நாள் பொரியும். பிந்தியதை ஓட்டை உடைத்து எடுக்க அவசரப்படாதீர்கள், இரத்தக் குழாய் அறுந்து சாகும்.

குஞ்சுக்குத் தண்ணீரைத் தட்டையான தட்டில் கூழாங்கல் பரப்பி ஊற்றுங்கள், ஆழமான கிண்ணத்தில் விழுந்து செத்துவிடும். முதல் மூன்று வாரம் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது காக்கைக்கும் பருந்துக்கும் பயந்து. இந்த வாரங்களுக்குக் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம்தான் சரி. வெறும் குருணையில் உயிர் பிழைக்கும், ஆனால் கால் நலிந்து வளர்ச்சி நின்றுவிடும்.

11. நோய் தெரிந்தால்

முதலில் பிரிப்பு, அப்புறம்தான் மருந்து. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்வது, மூச்சுத் திணறல் மூன்றில் ஏதேனும் தெரிந்தால் ராணிக்கெட் என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள். கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் கருத்துக் காய்வது அம்மை. கொசுவால் பரவும், பெரிய கோழி பெரும்பாலும் பிழைக்கும். முகம் வீங்கி மூக்கில் நாற்றத்தோடு சளி வழிவது சளிநோய், இதற்கு மருந்து உண்டு. மருந்துக்கடைக்காரர் தரும் பொடியைக் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் கலக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்றும் கேளுங்கள்.

ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தால் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மிச்சத்தை விற்றுவிடலாம் என்று சந்தைக்குக் கொண்டுபோனால் அந்த நோய் அடுத்த ஊருக்குப் போகும். செத்ததை வாய்க்காலில் வீசாமல், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கூளம் முழுவதையும் அள்ளி எரித்து, கட்டை, சட்டி, தரை எல்லாம் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து வெயிலில் காயவிட்டு, குறைந்தது ஒரு மாதம் கூண்டு காலியாகக் கிடந்த பிறகே புதுக் கோழி வாங்க வேண்டும்.